மின்கார் சார்ஜர் பொருத்த யாரைக் கூப்பிடுவது? கொழும்பு வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதித் தடை நீங்கியதிலிருந்து கொழும்பில் மின்கார் பேச்சு வீட்டுக்கு வீடு நடக்கிறது. எந்தக் கார், ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம், லீசிங் எவ்வளவு என்று மாதக்கணக்கில் விசாரிப்பவர்கள்கூட, சார்ஜர் பொருத்துவதை மட்டும் கடைசி நாளில் யோசிக்கிறார்கள். "ஏசி போட்ட அதே எலக்ட்ரீஷியன் பாஸ் வந்து அடித்துத் தருவார்" என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

ஏசி விட்டுவிட்டு ஓடும். கீசர் பத்து நிமிடத்தில் நிற்கும். கார் சார்ஜரோ ஒரே அளவு மின்னோட்டத்தை ஆறேழு மணி நேரம் இடைவிடாமல் இழுக்கும், அதுவும் வீட்டார் தூங்கும் நேரத்தில். அரைத் திருப்பு தளர்ந்த ஒரு திருகு ஏசி லைனில் வருடக்கணக்காகச் சத்தமில்லாமல் இருக்கலாம். கார் லைனில் அதே திருகு சில வாரங்களில் கறுத்து, பிளாஸ்ரிக் உருகும் மணம் வரும். ஆகவே இந்த வேலைக்கு வருபவர் யார் என்பது, எந்தப் பிராண்ட் சார்ஜர் என்பதைவிட முக்கியம்.

அவரைக் கண்டுபிடிக்க நல்ல வழி, விலை சொல்லும் முன் எதையெல்லாம் அளக்கிறார் என்று பார்ப்பது. போனிலேயே மொத்த விலை சொல்லிவிடுபவருக்கு உங்கள் மெயின் இணைப்பும் தெரியாது, எர்த்தும் (மண்ணோடு சேரும் பாதுகாப்பு வயர்) தெரியாது.

முப்பது அம்பியர் என்ற எல்லை

ஒற்றை ஃபேஸ், 230 வோல்ற், 30 அம்பியர்: கொழும்பு வீடுகளில் வழக்கமான இணைப்பு இதுதான். பெருக்கினால் 6.9 கிலோவாற். கடையில் "7 கிலோவாற்" என்று விற்கும் சார்ஜர் 32 அம்பியர் இழுக்கும். வீட்டில் ஒரு மின்விசிறிகூட ஓடாத நேரத்திலும் அது தனியாகவே இணைப்பின் எல்லையைத் தாண்டிவிடுகிறது. இந்தக் கணக்கைத் தானாக எடுத்துச் சொல்லாதவர் இந்த வேலைக்கு உகந்தவர் இல்லை. மெயின் பிரேக்கர் விழுகிறது என்று அதைப் பெரிதாக மாற்றித் தருகிறேன் என்பவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். மீற்றர் பக்கத்துப் பிரேக்கரும் சீலும் மின் வழங்குநருக்குச் சொந்தம். வீட்டுக்கு வரும் சேர்விஸ் கேபிளும் அந்த அளவுக்குத்தான் போடப்பட்டிருக்கும்.

மூன்று ஃபேஸ் இருந்தால் கவலையில்லை என்றும் சொல்ல முடியாது. 30 அம்பியர் மூன்று ஃபேஸ் என்றால் ஒவ்வொரு ஃபேஸிலும் 30 அம்பியர்தான். ஒற்றை ஃபேஸ் 7 கிலோவாற் சார்ஜரை அதில் ஒரு ஃபேஸில் கொடுத்தால் அந்த ஃபேஸ் பழைய கதைக்கே வந்து நிற்கும். மூன்று ஃபேஸின் பலன் முழுதாகக் கிடைப்பது காருக்குள் இருக்கும் சார்ஜரும் மூன்று ஃபேஸாக இருக்கும்போதுதான்: ஃபேஸுக்கு 16 அம்பியர் வீதம் 11 கிலோவாற். காரின் கையேட்டில் ஆன்-போர்ட் சார்ஜர் என்ற வரியைப் பாருங்கள். கார் 6.6 கிலோவாற் மட்டும் ஏற்குமென்றால் சுவரில் 22 கிலோவாற் பெட்டி மாட்டினாலும் 6.6க்கு மேல் ஏறாது.

பலருக்கு 16 அம்பியரே தாராளம். 16 அம்பியர் ஒற்றை ஃபேஸில் 3.7 கிலோவாற். இரவு 10.30 முதல் காலை 5.30 வரை ஏழு மணி நேரத்தில் சுமார் 25 யூனிட் போகும். 100 கிலோமீற்றருக்கு 15 முதல் 18 யூனிட் எடுக்கும் காருக்கு அது ஏறத்தாழ 140 முதல் 165 கிலோமீற்றர் ஓட்டம். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு வேலைக்குப் போய் வந்து, பிள்ளைகளை ரியூஷனுக்கு ஏற்றி இறக்குபவருக்கு இதில் பாதிகூடத் தேவைப்படாது. "அக்கா, 32இல் விட்டால் மெயின் நிற்காது. 16இல் விடுவோம், விடிய முன் நிறைந்துவிடும்" என்று சொல்கிற தம்பி தனக்கு வரக்கூடிய பெரிய பில்லை விட்டுக்கொடுத்துப் பேசுகிறார். அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இந்த 16 அம்பியரிலும் கணக்கு உண்டு. 3 கிலோவாற் கீசர் 13 அம்பியர், ஓர் ஏசி 5 அம்பியர், சார்ஜர் 16. கூட்டினால் 34. எனவே ஒன்று நேரத்தைப் பிரிக்க வேண்டும், இல்லையென்றால் சுமைக் கட்டுப்பாடு உள்ள சார்ஜர் வேண்டும். மெயின் வயரில் வளையம் போன்ற ஒரு உணரியை மாட்டுவார்கள். வீட்டுச் சுமை ஏறும்போது சார்ஜர் தன் இழுப்பைத் தானே குறைத்துக்கொள்ளும். அந்த உணரியிலிருந்து சார்ஜருக்கு ஒரு தகவல் வயர் போக வேண்டும். கொங்கிறீற்றும் ரைல்சும் முடிந்தபின் அதைக் கொண்டுபோவது பெரும்பாடு, ஆகவே முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள்.

இணைப்பைக் கூட்டுவது என்றால் உங்கள் பில்லில் யார் பெயர் இருக்கிறதோ அவர்களிடம் விண்ணப்பிக்க வேண்டும். கொழும்பு மாநகருக்குள் மின்சார சபை அல்லது அதன் விநியோகத்தை ஏற்கும் நிறுவனம், இலக்கம் 1987. நுகேகொடை, கோட்டே, களனி, மொரட்டுவைப் பக்கம் லெக்கோ, இலக்கம் 1910. அப்போதே நேரவாரிக் கட்டணம் உங்கள் இணைப்புக்குக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். அதில் இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மலிவு, மாலை 6.30 முதல் 10.30 வரை மிக விலை. மாதம் 1,000 கிலோமீற்றர் ஓடும் கார் வீட்டுப் பில்லில் 160 யூனிட் அளவில் கூட்டும். சாதாரண வீட்டுக் கட்டணத்தில் அந்த யூனிட்டெல்லாம் உங்கள் பில்லின் மேல் படிகளில்தான் விழும்.

தகைமை: தாளில் எதைப் பார்ப்பது

கை வேலை செய்பவருக்கு எலக்ட்ரீஷியன் துறையில் தேசிய தொழிற் தகைமை, அதாவது என்.வி.கியூ., இருக்க வேண்டும். மூன்றாம் மட்டம் வயரிங் வேலைக்குப் போதும். சார்ஜர் லைனைத் தானே திட்டமிட்டுச் சோதித்துக் கொடுப்பவர் என்றால் நான்காம் மட்டத்தைக் கேளுங்கள். சான்றிதழின் இலக்கத்தையும் பெயரையும் அடையாள அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தத் தகைமை முறையை மேற்பார்வை செய்வது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. சந்தேகமென்றால் இலக்கத்தை அங்கே சரிபார்க்கலாம்.

கம்பனி என்றால் கேள்வி மாறும். வந்து விலைமனு தருபவர் ஒருவர், வேலைக்கு வருபவர் இன்னொருவர் என்பது வழக்கம். "வேலைக்கு வருபவரின் சான்றிதழைக் காட்டுங்கள், சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போடும் பொறியியலாளர் யார்?" என்று கேளுங்கள். மூன்று ஃபேஸ், தொடர்மாடி, சோலார் இருக்கும் வீடு, இந்த மூன்றிலும் பட்டய மின் பொறியியலாளர் ஒருவர் வரைபடத்தைப் பார்த்துக் கையெழுத்திடுவது அவசியம் என்றே நினைக்க வேண்டும். கார் விற்றவரோ சார்ஜர் விற்றவரோ தரும் உத்தரவாதம், அவர்கள் ஏற்றுக்கொண்ட ஆள் பொருத்தினால் மட்டுமே செல்லுபடியாகும் என்ற நிபந்தனை அடிக்கடி இருக்கும். உத்தரவாத அட்டையின் பொடி எழுத்தில் அதைத் தேடிப் படியுங்கள்.

தாளில் எல்லாம் சரியாக இருந்தும் இந்த வேலை தெரியாதவர்கள் இருக்கிறார்கள். வீட்டு வயரிங்கில் முப்பது வருடம் பழகிய நல்ல கை, கார் சார்ஜரின் நேரோட்ட (டிசி) மின் கசிவு பற்றிக் கேள்விப்படாமல் இருக்கலாம். அதனால் போனில் இரண்டு கேள்வி போட்டுப் பாருங்கள்: ஒன்று, மின் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் பற்றி, மற்றது எர்த் பற்றி. "என்ன வகை ட்ரிப் சுவிட்ச் போடுவீர்கள்?" "எர்த்தை எதால் அளப்பீர்கள்?" முதலாவதற்கு "முப்பது மில்லி அம்பியர்" என்று மட்டும் பதில் வந்தால் பாதிப் பதில். இரண்டாவதற்கு "பல்ப் வைத்துப் பார்ப்போம்" என்றால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். இரண்டுக்கும் காரணம் கீழே வருகிறது.

எர்த்: அதிகம் ஏமாற்றப்படும் இடம்

இலங்கையில் வீட்டுக்கு எர்த் தருவது வீட்டுக்காரர்தான். கம்பத்திலிருந்து ஃபேஸும் நியூட்ரலும் வருகின்றன, எர்த் ரொட் என்ற உலோகக் கம்பி உங்கள் வளவில் மண்ணுக்குள் அடிக்கப்படுகிறது. அது என்ன நிலையில் இருக்கிறது என்று வீட்டைக் கட்டிய நாளுக்குப் பிறகு யாரும் பார்ப்பதில்லை. பழைய வீடுகளில் இரும்புத் தண்ணீர்க் குழாயையே எர்த்தாகப் பிடித்திருப்பார்கள். பிறகு குழாய் பிவிசியாக மாறியிருக்கும், எர்த் அன்றோடு போயிருக்கும். லைற்றும் ஃபேனும் எர்த் இல்லாமலே எரிவதால் யாருக்கும் தெரியாது.

கார் சார்ஜர் இதைக் கண்டுபிடித்துவிடும். பெரும்பாலான சார்ஜர்கள் ஒவ்வொரு தடவையும் எர்த்தைச் சோதித்த பிறகே மின்னை விடும். எர்த் இல்லையென்றால் சிவப்பு விளக்கு. இங்கேதான் ஆபத்தான குறுக்குவழி நடக்கிறது: சொக்கட்டுக்குள்ளேயோ சார்ஜர் முனையிலோ நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவார்கள். சிவப்பு பச்சையாகும், கார் சார்ஜ் ஆகும், பணம் வாங்கிப் போய்விடுவார்கள். அன்றிலிருந்து காரின் உடல் நியூட்ரலோடு கட்டப்பட்டிருக்கிறது. எங்காவது நியூட்ரல் அறுந்தால், மீற்றர் முனையிலோ கம்பத்திலோ, 230 வோல்ற் முழுவதும் காரின் கதவுப் பிடியில் நிற்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு கதவைத் தொடுபவர் உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். அந்தத் துண்டு வயர் இருந்தால் ட்ரிப் சுவிட்ச் விழக்கூடும் என்பதால், அதையும் தாண்டி நேராக லைன் கொடுத்திருப்பார்கள். ஒரு பொய்யைக் காக்க இரண்டாவது பாதுகாப்பும் போய்விடுகிறது.

இதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. சார்ஜர் லைனின் இருமுனைப் பிரேக்கரை இறக்கி, சார்ஜரைக் கழற்றிவிட்டு, அந்தப் பக்கத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 500 வோல்ற் இன்சுலேஷன் சோதனைக் கருவியை வைக்கச் சொல்லுங்கள். குறைந்தது 1 மெகா ஓம் வர வேண்டும். புது லைன் என்றால் நூற்றுக்கணக்கில் வரும். பூச்சியத்தை ஒட்டி வந்தால் இரண்டும் எங்கோ தொடுகின்றன. அதை நீக்கும்வரை லைனைப் போட விடாதீர்கள்.

எர்த் ரொட்டின் தடையை அளக்க மூன்று முனை எர்த் ரெஸ்டர் வேண்டும். துணைக்கு இரண்டு குச்சிகளை மண்ணில் குத்தி அளப்பார்கள். ஒரே ரொட் உள்ள வீட்டில் கிளாம்ப் மாதிரிக் கருவி சரியான எண்ணைத் தராது, ஏனென்றால் மின்னோட்டம் திரும்பிவர இன்னொரு பாதை வேண்டும். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருந்தால் விதிப்படி மிக உயர்ந்த தடைகூடக் கடந்துபோகும். ஆனால் 200 ஓமைத் தாண்டிய எர்த் மழைக்கும் வெயிலுக்கும் ஏறி இறங்கும், நம்ப முடியாது. நல்ல வேலைக்காரர்கள் 10 ஓமுக்குக் கீழே கொண்டுவரப் பார்ப்பார்கள். வெள்ளவத்தைக் கால்வாய்ப் பக்கத்து ஈர மண்ணில் ஒரு ரொட்டிலேயே அது வந்துவிடலாம். கபுக் எனும் கடினச் செம்மண் மேட்டில், அதுவும் மார்ச் வெயிலில், இரண்டு மூன்று ரொட் இடைவெளிவிட்டு அடிக்க வேண்டிவரும். இடைவெளி ரொட்டின் நீளத்துக்குக் குறையக் கூடாது. செப்புப் பூச்சு ரொட், மேலே திறந்து பார்க்கக்கூடிய சிறு குழி, ரொட்டையும் வயரையும் பிடிக்கும் பித்தளைக் கிளாம்ப், இவை மூன்றும் விலைமனுவில் எழுத்தில் இருக்க வேண்டும். காருக்கென்று புது ரொட் அடித்தால் அதை வீட்டின் மெயின் எர்த் முனையோடும் சேர்க்க வேண்டும். தனித்தனி எர்த் வைத்தால் கைக்கெட்டும் தூரத்தில் இரண்டு உலோக உடல்கள் இரண்டு வேறு அழுத்தத்தில் நிற்கும் நிலை வரலாம்.

ட்ரிப் சுவிட்சின் முகத்தைப் படியுங்கள்

ட்ரிப் சுவிட்சின் முகப்பில் ஒரு சிறு பெட்டிக்குள் படம் இருக்கும். பெட்டியில் ஓர் அலை மட்டும் இருந்தால் அது ஏசி வகை (இங்கே ஏசி என்பது மாறோட்டம், குளிரூட்டி இல்லை). அலைக்குக் கீழே விட்டுவிட்டு வரும் மேடுகள் வரையப்பட்டிருந்தால் ஏ வகை. அதற்கும் கூடுதலாக ஒரு நேர்கோடும் அதன் கீழ் புள்ளிக்கோடும் இருந்தால் பி வகை. வீட்டு மெயின் பெட்டிகளில் அதிகம் காண்பது முதலாவது. கார் சார்ஜருக்கு அது போதாது.

காரின் பற்றரி நேரோட்டம். உள்ளே ஏதாவது பழுதானால் நேரோட்டம் லைனுக்குள் கசியலாம். அந்தக் கசிவு ஏசி வகை ட்ரிப் சுவிட்சின் இரும்பு உள்ளகத்தை நிறைத்துவிடும். பிறகு ஒருவருக்கு ஷொக் அடித்தாலும் அது விழாது. "Test" என்று எழுதிய ரெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுவதைப் பார்த்து எல்லாம் நலம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். ஆகவே சார்ஜருக்குள்ளேயே 6 மில்லி அம்பியர் நேரோட்டக் கசிவு கண்டறிதல் இருக்கிறதா என்று அதன் விவரத்தாளில் பார்க்க வேண்டும். இருந்தால் வெளியே 30 மில்லி அம்பியர் ஏ வகை போதும். இல்லையென்றால் பி வகைதான், அது விலை கூடியது. இந்த இரண்டில் எது, ஏன் என்று விளக்கத் தெரிந்தவர் பாடம் படித்தவர்.

சார்ஜர் லைன் எங்கிருந்து பிரிகிறது என்பதும் இதே காரணத்தால் முக்கியம். வீட்டின் பழைய ட்ரிப் சுவிட்சுக்குப் பின்னால் பிரித்தால், காரின் கசிவு முழு வீட்டின் பாதுகாப்பையும் குருடாக்கலாம். குறைந்தபட்சம் காரின் சிறு சிறு கசிவுகளால் நள்ளிரவில் குளிர்சாதனப் பெட்டியும் சேர்ந்து நிற்கும். மெயின் ஐசோலேற்றரிலிருந்து (மெயின் சுவிட்சிலிருந்து) நேராகப் பிரித்து, சார்ஜருக்குத் தனி ட்ரிப் சுவிட்சும் பிரேக்கரும் தனிப் பெட்டியில் வைப்பதே முறை. பிரியும் இடத்திலிருந்து அந்தப் பெட்டிவரை பாதுகாப்பற்ற துண்டு மிஞ்சாமலிருக்க 100 மில்லி அம்பியர் தாமத வகை ட்ரிப் சுவிட்ச் ஒன்றை முன்னால் வைக்கலாம், அல்லது அந்தத் துண்டை இரட்டை இன்சுலேஷன் கேபிளில் பிளாஸ்ரிக் குழாய்க்குள் குறுகிய தூரத்துக்கு மட்டும் கொண்டுபோகலாம்.

ஏப்ரலிலும் ஒக்ரோபர், நவம்பரிலும் மாலை இடி கொழும்புக்குப் புதிதில்லை. மின்னல் எழுச்சித் தடுப்பான் ஒன்றைப் பெட்டியில் சேர்க்கச் சொல்லுங்கள். அது வேலை செய்வதும் நல்ல எர்த் இருந்தால்தான்.

கேபிள் கணக்கு

நம் கடைகளில் கேபிளை இழை எண்ணால் கேட்பார்கள்: 7/0.67 என்பது 2.5 சதுர மில்லிமீற்றர், 7/0.85 என்பது 4, 7/1.04 என்பது 6, 7/1.35 என்பது 10. வரும் விலைமனுவில் இந்த எண் எழுதப்படாமல் "தேவையான கேபிள்" என்று மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுத்து எழுதி வாங்குங்கள்.

16 அம்பியர் சார்ஜருக்கு 20 அம்பியர் பிரேக்கரும் 7/0.85 கேபிளும் பொருந்தும். 32 அம்பியருக்கு என்றதும் பலர் 7/1.04 கேபிளில் 40 அம்பியர் பிரேக்கரைப் போட்டுவிடுகிறார்கள். சுவர்க் குழாய்க்குள் போகும் 6 சதுர மில்லிமீற்றர் கேபிள் 30 பாகை வெப்பத்தில் 41 அம்பியர் தாங்கும் என்பது உண்மை. ஆனால் நம் ஓட்டுக்கும் சீலிங்குக்கும் இடையே பகலில் 40 பாகை சாதாரணம். அங்கே அதே கேபிள் 36 அம்பியரை எட்டாது. 40 அம்பியர் பிரேக்கர் அதைக் காக்க முடியாது, பிரேக்கர் விழும் முன் கேபிள் வேகும். அப்படிப்பட்ட வழியில் 7/1.35 தான் போட வேண்டும். பிரேக்கரை 32க்கு இறக்கிவிடலாம் என்றால், சூடான பெட்டிக்குள் முழு அளவில் மணிக்கணக்காக ஓடும் 32 அம்பியர் பிரேக்கர் காரணமில்லாமல் விழுந்துகொண்டிருக்கும்.

தூரமும் உண்டு. 25 மீற்றர் தூரத்துக்கு 32 அம்பியரில் 6 சதுர மில்லிமீற்றர் கேபிள் ஏறத்தாழ 6 வோல்ற் இழக்கும். 10 என்றால் மூன்றரை. மாலையில் ஏற்கெனவே வோல்ற்றேஜ் இறங்கும் தெருக்களில் இந்த வித்தியாசத்தால் சார்ஜர் நின்று நின்று போவதைப் பார்க்கலாம். கேபிளில் எஸ்.எல்.எஸ். என்ற இலங்கைத் தர முத்திரை இருக்க வேண்டும். பிரேக்கர்களை முகவரின் பில்லோடு வாங்கித்தரச் சொல்லுங்கள். புறக்கோட்டையில் பெயர்பெற்ற பிராண்ட் ஸ்டிக்கரோடு பாதி விலைக்குக் கிடைப்பது, விழ வேண்டிய நேரத்தில் விழாத பொருளாக இருக்கலாம்.

சுவர்ப் பெட்டி இல்லாமல், காரோடு வந்த கைச் சார்ஜரையே பாவிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 13 அம்பியர் பிளக் பொயிண்ட் மணிக்கணக்கில் 13 அம்பியர் தாங்க வடிவமைக்கப்பட்டதில்லை. 10 அம்பியரில் நிறுத்துங்கள். அந்தப் பொயிண்ட்டுக்கு மெயினிலிருந்து தனி லைன் வேண்டும், மல்ற்றி பிளக் கூடவே கூடாது. ஜப்பானிலிருந்து வந்த பழைய நிசான் லீஃப் கார்களின் கேபிள் 200 வோல்ற், 15 அம்பியருக்கானது. அதன் பிளக்கை வெட்டிவிட்டு 13 அம்பியர் பிளக் மாட்டித் தருபவர் தன் வேலை எங்கே எரியும் என்று யோசிக்காதவர். நீல நிற 16 அம்பியர் இண்டஸ்ட்ரியல் சொக்கட் அதைவிட நல்லது.

வீட்டுக்கு வந்து பார்க்கும் நாள்

அரை மணி நேரத்துக்குக் குறையாமல் பார்க்க வேண்டிய வேலை இது. மெயின் பெட்டியின் மூடியைக் கழற்றுகிறாரா, மீற்றரில் எழுதியிருப்பதைப் படிக்கிறாரா, கேபிள் போகும் வழியை நாடா வைத்து அளக்கிறாரா, எர்த் ரொட் எங்கே என்று தேடுகிறாரா என்று பாருங்கள். காரின் சொக்கட்டையும் அவர் பார்க்க வேண்டும். பழைய ஜப்பான் கார்களுக்கு ஐந்து துளை ரைப் 1, புதிய பலவற்றுக்கு ஏழு துளை ரைப் 2. சீனச் சந்தைக்கென்று செய்து இங்கே வந்தவற்றில் ஜிபி/ரி. பின்னைய இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஆனால் ஒன்றில் ஒன்று பொருந்தாது.

ஜெனரேற்றரோ பற்றரியோடு கூடிய சோலாரோ இருந்தால் அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள். கார் லைன் அவற்றின் பக்கம் போகக் கூடாது. மின்வெட்டில் சின்ன ஜெனரேற்றர் காரை இழுக்கப் போய் நின்றுவிடும். அதன் நியூட்ரல் எர்த்தோடு இணையாததால் சார்ஜரும் எர்த் பிழை காட்டும்.

பொருத்தும் இடத்தில் கொழும்பின் காற்றையும் மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். காலி வீதிக்குக் கடல் பக்கமாக உள்ள வீடுகளில் உப்புக் காற்று சாதாரணத் திருகை ஒரு வருடத்தில் துருவாக்கும். 316 தரத் துருவேறா உருக்குத் திருகு கேளுங்கள். மேற்குச் சுவரில் தென்மேற்குப் பருவமழை நேராக அடிக்கும், முடிந்தால் வேறு சுவர். குழாய் பெட்டிக்குள் கீழிருந்து நுழைய வேண்டும், மேலிருந்து நுழைந்தால் தண்ணீர் வழிந்து இறங்கும். பாவிக்காத துளைகள் எல்லாம் அடைக்கப்பட வேண்டும். எறும்பு கூடு கட்டுவதாலும் பல்லி முனைகளுக்கிடையே விழுவதாலும் பெட்டிகள் எரிவது இங்கே அடிக்கடி நடப்பது. கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் என்றால் 2016 மே வெள்ளம் சுவரில் எதுவரை நின்றது என்று அயலவரிடம் கேட்டு, அதற்கு மேலே பெட்டியைப் பொருத்துங்கள்.

தொடர்மாடியில் இருப்பவர்கள் ஆள் தேடும் முன் அனுமதி தேட வேண்டும். வாகனத் தரிப்பிடமும் மீற்றர் அறையும் கேபிள் ஏறும் குழியும் பொதுப் பகுதி. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க தொடர்மாடி உரிமைச் சட்டத்தின் கீழ் அமைந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். உங்கள் மீற்றரிலிருந்து தரிப்பிடத்துக்குத் தனி லைன் வருமா, அல்லது பொது மின்னில் உப மீற்றர் வைத்துக் கணக்குப் பார்ப்பதா என்பதை அந்தக் கடிதத்திலேயே தீர்த்துவிடுங்கள். தீத் தடுப்புச் சுவரைத் துளைத்தால் அதை மீண்டும் தீ தாங்கும் பொருளால் அடைப்பது யார் பொறுப்பு என்றும் எழுதுங்கள்.

விலைமனுவும் பணமும்

மூன்று பேரிடம் வாங்கி ஒப்பிடுவது நல்லது, ஆனால் ஒரே பொருளை ஒப்பிட வேண்டும். கேபிளின் அளவும் மீற்றர் நீளமும், பிரேக்கரின் பிராண்டும் அம்பியரும், ட்ரிப் சுவிட்சின் வகை, எழுச்சித் தடுப்பான், எர்த் ரொட் எத்தனை, எந்தெந்தச் சோதனை, வேலைக்கு எத்தனை மாத உத்தரவாதம். இவை தனித்தனி வரியாக வந்தால் மலிவான விலைமனு எதை விட்டுவிட்டு மலிவானது என்று உடனே தெரியும். பெரும்பாலும் விடுபடுவது எர்த்தும் சோதனையும்தான்.

முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். பொருளுக்கு ஒரு பங்கு, வேலை முடிய ஒரு பங்கு, சோதனை அறிக்கை கைக்கு வந்தபின் மீதி என்று பேசுங்கள். அந்தக் கடைசிப் பங்கு கண்துடைப்பாக இல்லாமல் கணிசமாக இருக்கட்டும். ஒரு வருடத்துக்கு முன் அவர் பொருத்திய வீடு ஒன்றின் தொடர்பையும் கேளுங்கள். போன வாரம் பொருத்தியது எல்லாமே நன்றாகத்தான் ஓடும்.

சோதனை முடியாமல் கையெழுத்து வேண்டாம்

அறிக்கை சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம், எண்கள் எல்லா மொழியிலும் ஒன்றுதான். அறிக்கையில் இன்சுலேஷன் தடை மெகா ஓமில் இருக்க வேண்டும். எர்த் தடை ஓமில். ட்ரிப் சுவிட்ச் விழ எடுத்த நேரம் மில்லி செக்கனில்: 30 மில்லி அம்பியரில் 300க்குள், ஐந்து மடங்கில் 40க்குள். ஃபேஸும் நியூட்ரலும் மாறாமல் இருப்பதற்கான குறிப்பு. மூன்று ஃபேஸ் என்றால் நியூட்ரல் முனையின் இறுக்கத்தைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். அது தளர்ந்தால் ஒரு ஃபேஸின் வோல்ற்றேஜ் 400ஐ நோக்கி ஏறி, தொலைக்காட்சியிலிருந்து குளிர்சாதனப் பெட்டி வரை ஒரே நிமிடத்தில் போய்விடும். "சரி" என்று கோடு மட்டும் இழுத்து எண் இல்லாமல் தரும் அறிக்கை அளக்காத அறிக்கை.

அதன்பின் காரைச் செருகி, அவர் முன்னிலையிலேயே ஒரு மணி நேரம் முழு அளவில் ஓட விடுங்கள். அந்த நேரத்தில் கேத்தல், இஸ்திரிப் பெட்டி, ஏசி மூன்றையும் போட்டுப் பாருங்கள். சுமைக் கட்டுப்பாடு இருந்தால் சார்ஜரின் அம்பியர் இறங்குவது திரையில் தெரியும், இல்லையென்றால் மெயின் விழும். இப்போதே விழட்டும், ஆள் நிற்கும்போது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு பெட்டியின் மூடியை அவர் கழற்றி, வெப்பக் கமெராவால் ஒவ்வொரு முனையையும் பார்க்க வேண்டும். ஒரே பிரேக்கரின் இரண்டு முனைகளில் ஒன்று மற்றதைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தால் அந்தத் திருகு சரியாக இறுகவில்லை. மின்னை நிறுத்தி, உற்பத்தியாளர் குறித்த அளவுக்கு முறுக்குவிசைத் திருப்புளியால் இறுக்கச் சொல்லுங்கள்.

மூடும் முன் பெட்டியின் உட்புறத்தைப் போனில் படம் எடுத்து, அறிக்கையோடும் பில்களோடும் வையுங்கள். ட்ரிப் சுவிட்சின் ரெஸ்ட் பட்டனை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். முதல் வருடம் முடியும்போது அதே ஆளைக் கூப்பிட்டு முனைகளை மீண்டும் இறுக்கவும், எர்த்தை வெயில் மாதத்தில் ஒரு தடவை அளக்கவும் வேலை உத்தரவாதத்திலேயே எழுதி வாங்கிவிடலாம்.